இரண்டாயிரம் வாட்

மைக்கை ஊதிப் பார்க்கிறவனுக்கு என் ஓட்டு கிடையாது.
எச்சில் உள்ளே போகும்.
துடைக்கிறவள் நான்.
முப்பது நாற்காலிக் கூட்டத்துக்கு
இரண்டாயிரம் வாட் கேட்கிறவனுக்கும் கிடையாது.
அந்தக் கணக்கில் பார்த்தால்
இந்த இடைத்தேர்தலில் நான் யாருக்குமே போட்டிருக்க முடியாது.
போட்டேன். அது வேறு கதை.

என் வேன் எல்லாக் கட்சிக்கும் போகும்.
திங்களன்று நீலக்கொடி கட்டிய கம்பத்தில்
வியாழன் பச்சை.
ஸ்பீக்கருக்குக் கொள்கை கிடையாது,
மழைக்கு மட்டும் பயப்படும்.
முன்பணம் தராத கட்சி எது என்று கேட்காதீர்கள்.
தருகிற கட்சி எது என்று கேளுங்கள்,
சீக்கிரம் பேசி முடித்துவிடலாம்.

பட்டர்வொர்த் திடலில் ஒருவர்
‘நம் மக்களின் குரல்’ என்று தொடங்கினார்.
தொடங்கியதும் ஊளையிட்டது ஸ்பீக்கர்.
திரும்பி என்னை முறைத்தார்.
நான் என்ன செய்ய, அண்ணே?
உங்கள் குரல் வருகிற பெட்டிக்கு முன்னாலேயே
மைக்கோடு போய் நிற்கிறீர்கள்.
தன் சத்தத்தைத் தானே கேட்டுத்
தானே கத்துகிறது.
பெட்டிக்கு மட்டுமா அந்த வியாதி?

சர்வின் எனக்குக் கேபிள் சுற்றுகிறவன்.
ராத்திரியில் உறுமி.
மேளத்துக்கு மைக்கே வேண்டாம்க்கா என்பான்,
பாதி திமிர்.
மீதிப் பாதியைத் தண்ணீர்மலை அடிவாரத்தில் பார்த்தேன்:
வளைந்த குச்சி தோலை ஒரு இழுப்பு இழுத்ததும்
வேனுக்குள் ஸ்பேனர்கள் நடுங்கின.
சத்தம் வேறு, கனம் வேறு.
உறுமிக்கு அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்ன கூட்டத்தில்
இதை யாரும் பேசவில்லை.
பண்பாடு என்று எட்டு முறை சொன்னார்கள்
(சும்மா நிற்கிற நேரத்தில் எண்ணத்தானே முடியும்).
சர்வினுக்கு மாலை போட்டு
நாலு நிமிஷம் வாசிக்கவிட்டு
பொட்டலச் சோறு கொடுத்து அனுப்பினார்கள்.
கோழி வேகவில்லை என்றான்.

சரி, ஓவியம்.
ஜார்ஜ்டவுனில் என் ஸ்டோருக்குப் பின்சந்தில்
ஹூய் யீ ஒரு பசு வரைந்தாள்.
சுவர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது.
சுற்றுலாக்காரர்கள் மடிக்குக் கீழே கையைக் குவித்துப்
படம் பிடித்துக்கொண்டார்கள்.
படுத்த மாட்டில் பால் கறக்கிற சனத்தை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
எனக்குப் பிடிக்கவில்லை.
கொம்பு வாழைக்காய் மாதிரி.
நேரில் மாடு பார்த்திருக்கிறாயா என்று மலாயில் கேட்டேன்.
பால் பெட்டியில் பார்த்திருக்கிறேன் என்று சிரித்தாள்.
ஆனால் அந்தக் கண்.
மூன்று மாத வாடகை பாக்கியைக் கேட்கிற கண்.
நான் ஸ்டோரைத் திறக்கும்போதெல்லாம்
குனிந்துதான் போவேன்.

பிரச்சாரம் சூடு பிடித்த ராத்திரியில்
யாரோ அந்தக் கண்ணின்மேல் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.
வேட்பாளர் முகத்துக்கு மேலே அந்த வாழைக்காய்க் கொம்பு.
சந்தே சிரித்தது.
மறுநாள் அவர்மேல் எதிர்க்கட்சி.
அவர்மேல் சுயேச்சை.
அவர் படம் சின்னது, ஓரத்தில் இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.
முடிவு வந்தபின் நகராண்மைக் கழக ஆள் சுரண்டினான்.
பசையோடு கண்ணும் வந்துவிட்டது.
அந்த இடத்தில் இப்போது சுண்ணாம்பு.

நன்றி அறிவிப்புக் கூட்டம் அதே சந்து முனையில்.
இரண்டாயிரம் வாட், வழக்கம்போல்.
ஜெயித்தவர் கலை என்கிறார், இளைஞர் என்கிறார்,
அவர் முதுகுக்குப் பின்னால் ஏணியில்
ஹூய் யீ தூரிகையைக் கடித்துக்கொண்டு
கண்ணின் கறுப்பைக் குழைக்கிறாள்.
கீழே சர்வின் ஏணியைப் பிடித்திருக்கிறான்.
யாரும் திரும்பவில்லை.
அவர் குரலை மெல்ல ஒரு கோடு இறக்கினேன்.
இன்னொரு கோடு.
கூட்டத்துக்குத் தெரியவில்லை.
அவருக்கும்.

கண் நன்றாக வந்திருக்கிறது,
முன்பைவிடக் கொஞ்சம் கோபமாக.
கொம்பைத்தான் திருத்த மாட்டேன் என்கிறாள்.
சொல்லிப் பார்த்துவிட்டேன்.