டிச் பட்டன்

பொடியாகப் பார்த்தால் மயில்துத்தம்.
நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற நீலம்.
அதற்குள், எந்த லென்சுக்கும் சிக்காத சிறுமையில்,
பன்னிரண்டு மூலை, மூலைக்கு இரண்டு செம்பு,
இருபத்துநான்கு கரிமக் கம்பி,
எட்டு ஜன்னல் முக்கோணம், ஆறு ஜன்னல் சதுரம்.
நடுவே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்காகத்தான்
நானும் முப்பிடாதியும் மூன்று வருஷமாகப்
பாளையங்கோட்டை வெயிலில் வந்து போகிறோம்.

கூடு தண்ணீரில் இறங்காது.
எரிசாராயத்திலும் இறங்காது.
பந்தியில் இடம் கிடைக்காத மாப்பிள்ளை வீட்டாள் மாதிரி
குப்பியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
உடைக்கக் கூடாது. உள்ளே கை படக் கூடாது.
வெளிப்பக்கம் மட்டும் வேறு சட்டை போட வேண்டும்.

முப்பிடாதி ஜெயில் குடியிருப்பில் இருக்கிறாள்,
புருஷன் வார்டர்.
"இந்த வருஷம் மதிலுக்கு மஞ்சள் அடிச்சிருக்காவ.
உள்ள தலை எண்ணுதது அதே மாதிரிதான் எண்ணுதாவ."
அதுதான் வேலை. அவ்வளவுதான் வேலை.

ஒவ்வொரு கம்பியின் முதுகிலும் ஒரு அசைடு.
வரிசையாக மூன்று நைட்ரஜன்.
என் மகன் சட்டையில் இருக்கிற டிச் பட்டனில் ஒரு பாதி.
மறுபாதி வந்தால் டிச்.
சூடு வேண்டாம், கெஞ்ச வேண்டாம்.
ஆனால் அசைடு கோபக்காரச் சாதனம்.
"இரும்புக் கரண்டியால சொரண்டாதட்டி" என்று
ஐஸ்கிரீம் கப்பில் வருகிற கரண்டிகளை
அவள் கழுவிக் கழுவிச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

முதல் தடவை, எல்லாரும் செய்கிறபடி:
துளி செம்பு உப்பு, துளி வைட்டமின் சி.
நெல்லிக்காயில் இருக்கிற அதே சி.
உப்பில் உள்ள செம்பை மட்டும் பிடிக்கும் என்று நினைத்தோம்.
கூட்டில் இருப்பதும் செம்புதானே.
சாப்பிட்டுத் திரும்புவதற்குள் நீலம் போய்
குப்பியில் ஒரு கலங்கல் மஞ்சள்.
பட்டன் மாட்டப் போய்ச் சட்டையைக் கிழித்துவிட்டோம்.
முப்பிடாதி ஒன்றும் சொல்லவில்லை.
மூடித் தேதி எழுதி ஒட்டினாள்.

பிறகு வளையம்.
நேராக நிற்கப் பிறந்த முப்பிணைப்பை
எட்டுக் கரி அணுவுக்குள் மடக்கி வைத்த வளையம்.
ஜங்ஷனில் ஏறி, கூரையில் தலை இடிக்க,
கழுத்தைச் சாய்த்தபடியே வருகிற நெட்டையன்
சீட் ஒன்று காலியானால் எப்படி விழுவான்,
அப்படி விழும் அசைடின் மேல்.
செம்பு வேண்டாம். யாரும் தள்ளிவிட வேண்டாம்.
இத்தனை தூரம் வளைந்து வந்த கழுத்துவலி போதும்.

விலையைக் கேட்டு இரண்டு நாள் பேச்சில்லை.
வடக்கன்குளம் ரெமிஜியுஸ் சென்னையில் யாரிடமோ கேட்டு
நாற்பது மில்லிகிராம், ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில்,
நெல்லை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.
விழுப்புரம் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் கேட்டாராம்:
"தம்பி, டீ மிச்சம் இருக்கா?"

வளையத்துக்குத் தண்ணீரோடு ஒத்துப்போகிற நீள வால் உண்டு.
ராத்திரி முழுக்க அது சுழன்றது.
இரண்டு தடவை கரண்ட் போனது;
போன நேரத்தில் முப்பிடாதி கையால் ஆட்டினாள்.

காலையில் அகச்சிவப்புக் கோடு எடுத்தோம்.
இரண்டாயிரத்து நூறில் எப்போதும் நிற்கிற அசைடுச் சிகரம்
இல்லை.
தேரிக்காடு மாதிரி நின்ற இடம், அறுத்த வயல் மாதிரி கிடந்தது.
"இருபத்துநாலும் மாட்டிருச்சா? இருபத்துமூணா?"
கோடு அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

வடித்த தண்ணீரை ஊற்றினேன்.
பேரிலேயே தாமிரம் சுமக்கிற ஆற்றிலிருந்து வந்த தண்ணீர்தான்.
நீலம் முதலில் யோசித்தது.
அப்புறம் மெல்ல, அடியிலிருந்து,
குப்பி முழுக்க ஏறிவிட்டது.
நான் கத்தியதில் பக்கத்து அறைப் பையன்கள் தீயென்று ஓடிவந்தார்கள்.

நாலாம் நாள் அடியில் நூலளவு படிவு.
தண்ணீர் எங்கேயோ ஒரு ஜன்னல் வழியாக
செம்பைத் தொட்டிருக்கிறது.
முப்பிடாதி புது லேபிளில் எழுதினாள்: தண்ணீரில், 4 நாள்.
நாலுக்குப் பின்னால்
இன்னொரு எண்ணுக்கு இடம் விட்டிருந்தாள்.