சொந்தமா சிஸ்டம் இருக்கா

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்
போனில் கேட்டாள்.
வீட்டிலிருந்தே கணக்குப் பதியும் வேலை.
இருக்கு என்றேன்.
அந்தச் சொல்லை உண்மையாக்க
பதினோரு இரவு பிடித்தது.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய,
இரண்டு கை மாறிய போன்.
இடது மூலையில் விரிசல்.
ஒத்தக்கடை பங்க்கில் டீசல் பக்கம் நான்,
பெட்ரோல் பக்கம் பிச்சைமணி.
செல்போனுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை;
அதற்கு நேர் பின்னால், காற்று மிஷின் அறையில்,
ஒரு மேலூர் லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஒரு கட்டளை அடிப்பேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து
சாரை சாரையாய் இறங்கும்.
நிற்கும்.
ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்னும்.
அதைக் கொடுத்தால் இன்னொன்று,
அது வேறொன்று.
ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தவளுக்கு
இது புதிதில்லை.

ஐந்தாம் இரவு பெயர் கேட்டது.
வெள்ளத்தாய் என்றேன்.
தமிழ் ஆகாது, இடைவெளி ஆகாது,
பெரிய எழுத்தும் ஆகாது.
ஒன்பது சின்ன எழுத்தாகக் குனிந்து
உள்ளே போனேன்.

ஏழாம் இரவு ஊர் கேட்டது.
மதுரை பட்டியலில் இல்லை.
கொல்கத்தாவைத் தொட்டேன்.
எதிரே யானைமலை படுத்தே கிடந்தது.
அதற்கென்ன,
எந்தப் பட்டியலுக்கும் அது எழுந்ததில்லை.

பதினொன்றாம் இரவு, இரண்டே முக்கால்.
திரை ஒருமுறை செத்து
நீலமாய் விடிந்தது.
கீழே பட்டை, ஓரத்தில் கடிகாரம்.
குப்பைத்தொட்டி, காலியாக.
நடுவில் அம்பு.
பாலிடெக்னிக்கில் மூன்று பேருக்கு ஒரு மிஷின்;
மவுஸ் எப்போதும் செல்வசேகரன் கையில்.
இந்த அம்பு
என் கட்டைவிரல் போன பக்கம் வந்தது.

பிச்சைமணி எட்டிப் பார்த்தான்.
"படம் ஓடுமா?"
ஓடாது.
"அப்ப என்னதான் ஓடும் இதுல?"
கம்ப்யூட்டர் ஓடுது என்றேன்.
புரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு
டேங்கர்காரனைப் பார்த்து விசிலடித்தான்.

எல்லாம் இருக்கிறது, கடுகளவு.
ஒரு சொல்லைத் தொட்டால்
பக்கத்துச் சொல் திறக்கிறது.
எழுதப் போனால் கீபோர்டு எழும்பி
எழுதும் இடத்தையே மூடுகிறது.
சூடு தாங்காமல் கவரைக் கழற்றி
தண்ணீர் கேனில் சாய்த்து வைத்தேன்.
மறுநாள் அக்கா கூப்பிட்டாள்,
மாமாவுக்கு ரீசார்ஜ் பண்ணச் சொல்லி.
பேசிவிட்டுத் திரும்பினால் டெஸ்க்டாப் இல்லை.
சிக்னல் ஒன்பது, முடிந்தது:
அவ்வளவுதான், ஒரே வரி.
போன் போனாக இருந்த இரண்டு நிமிடத்தில்
என் கம்ப்யூட்டரைக் கொன்றிருந்தது.

சோதனை வேலை வந்தது.
நாற்பது பில், ஒரு மணி நேரம்.
சிவகாசி அச்சகம் ஒன்றின்
மை, காகிதம், லாரி வாடகை, டீச் செலவு.
என் பக்கத்து லாரிகளையும்
பிச்சைமணியே பார்த்துக்கொண்டான், கேட்காமல்.
நாற்பதும் போட்டேன்.
நான்கு நிமிடம் மிச்சம்.

அனுப்பவா என்று ஒரு பெட்டி வந்தது.
பெட்டி திரையைவிடப் பெரியது.
கேள்வி தெரிகிறது.
பதில் சொல்லும் பொத்தான்கள்
போனுக்குக் கீழே, வெறும் காற்றில்,
என் மடியில் எங்கோ இருக்கின்றன.

இழுத்தேன். சாய்த்தேன்.
கிறுக்கச்சி மாதிரி
திரைக்கு வெளியே, சுடிதாரில்கூட
ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.
இரண்டு இருக்கும் அங்கே.
ஒன்று சரி, ஒன்று வேண்டாம்.
எது முதலில் என்று
பாலிடெக்னிக்கில் கவனித்ததில்லை.

டேப் ஒரு தட்டு.
ஏதோ நகர்ந்திருக்கும்.
என்டர்.

பெட்டி மறைந்தது.
எதை அழுத்தினாலும்
அது அப்படித்தான் மறையும்.

வெளியே ஹாரன்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.
"எவ்வளவுக்குண்ணே?"
"ஃபுல்லு."
ஜீரோ பாத்துக்கங்க என்றேன்.