நாற்பது வால்யூம்

முடிக்குச் சாயம் ஏற்றும் முன்
கறுப்பைக் கழற்ற நான் பூசும் களிம்பு அது.
டப்பாவில் நாற்பது வால்யூம் என்று போட்டிருக்கும்.
பார்லர் அலமாரியிலிருந்து மூன்று டப்பா
உப்பிலி எடுத்துக்கொண்டு போனபோது
கணக்கு நோட்டில் எழுதிவைத்தேன்:
பத்மினிக்கு, மூன்று.
பத்மினி யாருக்கா என்றாள் வேலைக்கு வரும் ஜெயசுதா.
எழுபத்தொன்பதில் பிறந்தவள் என்றேன்,
நாலு சக்கரம்.

வலங்கைமான் ரைஸ்மில் கொட்டகையில்
பதினாறு வருஷம் நின்ற கார்.
உரக்கடைக்காரர் மஞ்சக் கடுதாசி கொடுத்தபின்
கேட்பாரில்லாமல்
தவிட்டுத் தூசி குடித்துக்கொண்டிருந்தது.
அவன் சீட்டுப்பணமும் என் வளையல் இரண்டும் போட்டு
வாங்கி வந்தோம்,
கல்யாண வாடகைக்கு விடலாமென்று.
உடம்புக்கு வெள்ளை அடித்தாயிற்று.
சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின்.
கதவைத் திறந்தால்தான் தெரியும்:
ஸ்டியரிங் நடுவில் ஹாரன் மூடி,
கண்ணாடி இறக்கும் குமிழ்கள் நான்கு,
கூரை விளக்கின் மூடி
அத்தனைக்கும் காமாலை.

சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு
பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன்.
பிசுக்கு போயிற்று. மஞ்சள் அசையவில்லை.
இது அழுக்கில்லை என்றான் உப்பிலி,
வெயில் குடித்துக் குடித்து உள்ளேயே பழுத்தது,
வெயிலை வைத்துத்தான் எடுக்கணும்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு.
காலையில் காவேரிப் படித்துறையில்
கழுத்துக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு
பத்து மணிக்கு மொட்டைமாடியில்
கையுறை போட்டு
மஞ்சளைக் கழற்ற உட்கார்ந்தேன்.
கயிற்றில் களிம்பு பட்டால் வெளுத்துவிடும்,
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
பூசி, கண்ணாடித் தாளால் இறுக்கிச் சுற்றி,
அரைமணிக்கு ஒருதரம்
வடாம் போலத் திருப்பித் திருப்பிப் போட்டேன்.
தாளுக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.
தலையில் இதே களிம்பு வேகும்போது
பெண்கள் எரியுதுக்கா என்பார்கள்.
இவை ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவிழ்த்துக் கழுவினால்
குமிழ்கள் நான்கும்
அப்போதுதான் கீறின தேங்காய்ப் பத்தை.
உப்பிலி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் உருட்டிக்கொண்டான்.
ஹாரன் மூடியும் தப்பித்தது.
விளக்கு மூடி மட்டும்
நான் ஒரு முடிக்கு அவுட்லைன் போடப் போன நேரத்தில்
ஆடிக் காற்றுக்கு மாட்டியிருந்தது.
அம்மியை அசைக்கிற காற்று
தாளை விட்டுவைக்குமா?
களிம்பு காய்ந்து இறுகி,
இழுத்துப் பூசிய என் விரல் நான்கும்
நாலு வெள்ளைக் கோடாக அதில் நின்றன,
நடுநடுவே பழைய மஞ்சள்.
யாரோ கூரையைப் பிராண்டியது மாதிரி.

விடு, என்றான் உப்பிலி.
பட்டுப்புடவை பார்ப்பான், மாலை பார்ப்பான்,
கார்க் கூரையை எவன் பார்க்கிறான்.
முதல் முகூர்த்தத்துக்குப் பதினேழு நாள்தான்,
இன்னும் ஸ்டெப்னி வாங்கவில்லை.

அவனுக்குத் தெரியாது.
இருநூறு பேருக்கு மேல் மை தீட்டி
மண்டபத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.
எல்லாரிடமும் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்:
அழுகை வந்தால் குனியாதே, மை ஒழுகும்.
மேலே பார்.

அம்மா கையை ஜன்னலில் விட்டுவிட்டு
கதவு சாத்தியதும்
அவள் மேலேதான் பார்ப்பாள்.
தெருமுனை திரும்பும்வரைக்கும்,
சில பேர் பாலம் தாண்டும்வரைக்கும்.
பார்க்க அங்கே
இந்த விளக்கை விட்டால் வேறென்ன இருக்கிறது.

மறுநாள் பார்லரை ஜெயசுதாவிடம் விட்டேன்.
நோட்டில், பத்மினிக்கு, இன்னும் ஒன்று.
தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே
காற்று நுழையாத ஒரு முழ இடம்.
மூடியை மடியில் வைத்துக்கொண்டு
வெயில் நகர நகர
நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்.