பயண நோக்கம்: சுற்றிப் பார்த்தல்

கொட்டாரம் முக்கு, ஜெராக்ஸ் கடை.
விசா விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்த ஆஷிகா
கை நிறுத்திக் கேட்டாள்:
"நாள்வாரியா கேக்காங்க அண்ணே.
காலை, மதியம், சாயங்காலம்.
எங்கெங்க போவீங்க?"

என்னிடமா?
பத்தொன்பது வருஷமாக நான் விற்பதே அதுதான்.
நாலே முக்காலுக்கு லாட்ஜ் வாசலில் வண்டி,
சூரிய உதயம், மேகம் மறைத்தால் பணம் திரும்பாது,
படகு வரிசை ஒன்றரை மணி நேரம்,
சுசீந்திரம் இருபது நிமிஷம், சட்டையைக் கழற்றுங்க சார்,
பத்மநாபபுரம் திங்கள் லீவு,
திற்பரப்பில் துண்டு உங்களுடையது,
அஸ்தமனத்துக்குள் மறுபடி கடற்கரை.
ஒரு பகல், பதினோரு இடம், ஏசி தனி.

போர்தோவை ரெக்சலின்தான் கண்டுபிடித்தாள்.
கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவு டூட்டி.
அயர்லாந்து எனக்கு இரண்டு முறை
இல்லை என்று எழுதிவிட்டது.
"அப்பம் நடுவுல எங்கயாவது" என்றாள் போனில்.
"இங்கேருந்து டிக்கெட் மலிவு.
ஒயினுக்குப் பேர்போன ஊராம், கேட்டியளா."

எனக்குத் தெரிந்த ஒயின்
பூசையில் சாமியார் குடிப்பது.
அப்புறம், ஒரு கிறிஸ்துமசுக்கு அவள் பரணியில் போட்டது.
வடசேரிச் சந்தைத் திராட்சை, சீனி, கிராம்பு, ஒரு பிடி கோதுமை.
வடித்ததை நான்தான் பாட்டிலில் ஊற்றி
மூடியை இறுக்கினேன்.
நடுராத்திரி அது வெடித்தது.
இரண்டு தடவை வெள்ளையடித்தும்
அடுக்களைச் சுவரில் ஊதாக் கறை
மழைக்கு மழை மேலே வருகிறது.

சரி, எழுது.
முதல் நாள், ஆறு. கரோன் என்று பேர்.
படத்தில் பார்த்தேன், ஐப்பசி மாசத்துக் குழித்துறை ஆறுபோல
மண் கலங்கிக் கிடக்கிறது.
கடல் ஏறும்போது பின்னாலேயும் ஓடுமாம்.
கரையில் நீர்க்கண்ணாடி என்று ஒன்று:
கருங்கல் தரை, அதன்மேல்
பாதம்கூட முழுசாய் நனையாத தண்ணீர்.
எதிரே நிற்கும் மாளிகை அதில் தலைகீழாய் விழும்.
அதைப் பார்க்க ஜனம் கூடுகிறது.
மூன்று கடலைக் காட்டிவிட்டு
"இவ்வளவுதானா?" என்று கேட்கப்பட்டவன் நான்.

இரண்டாம் நாள்
ரயிலில் முக்கால் மணி தள்ளி ஒரு கிராமம்.
குலசேகரத்து ரப்பர்போல வரிசை வரிசையாய்க் கொடி,
உயரம் மட்டும் இடுப்பளவு.
திரும்பி வந்து ஒயின் மியூசியம்,
ஒரு ஆள் டிக்கெட்டுக்கு
இங்கே எனக்கு ஒரு நாள் டீசல்.

மூன்றாம் நாள் பாதிதான்.
ரெண்டு பத்துக்கு அவள் விமானம்.

ஆஷிகா அடித்துக்கொண்டே போனாள்.
எனக்குத்தான் அடுத்தது வரவில்லை.

ரெக்சலின் தூங்குவாள்.
பதினாலு மாசத்துத் தூக்கம் அது.
செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து
வாய் லேசாய்த் திறந்தபடி.
நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
நாற்காலியில் இருப்பேன்.
வெளியே டிராம் போகும், மணி அடிக்கும்.
இதைக் காலை என்று எழுதவா, மதியம் என்று எழுதவா?

இன்னொன்றும் உண்டு.
சவாரி ஆட்கள் படகு வரிசையில் நிற்கும்போது
சின்னமுட்டம் இறக்கத்தில் எனக்கொரு கடை,
சாயா, ரசவடை, யாரும் எதையும் கேட்காத அரை மணி.
எந்த நோட்டீசிலும் அதை நான் போட்டதில்லை.
அந்த ஊரிலும் ஒரு டிரைவர் இருப்பான்,
ஆட்களை மாதாகோயில் வாசலில் இறக்கிவிட்டு
எங்கேயோ ஒதுங்குவான்.
அவனைப் பிடிக்க வேண்டும்.
பாஷை தெரியாது,
கிளாஸைத் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டினால்
ஒயினை நினைத்துக்கொள்வான்.
பரவாயில்லை.

"மொத்தம் எத்தன எடம் அண்ணே?"

ஒன்றுதான் என்று தொண்டைவரை வந்தது.
"பதினொண்ணு போடு மக்கா" என்றேன்,
"படகுச் சவாரியும் சேத்து."