விடுமூச்சு

உலான்பாதர். ஜனவரி. பின்னிரவு மூன்று மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு அப்பால் நகரம் இல்லை,
புகை இருக்கிறது.

ஏழாம் படுக்கையில் லுவ்சந்தாஷ்.
கரிக்கட்டி லாரி ஓட்டியவர்.
பதினேழு குளிர்காலம்
குன்றுச் சரிவின் கம்பளிக் கூடாரங்களுக்கெல்லாம்
அடுப்பெரியக் கொண்டுபோய்க் கொடுத்தவர்.
இப்போது தொண்டைக்குள் குழாய்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை
வென்டிலேட்டர் அவருக்குள் காற்றைத் தள்ளுகிறது.

தள்ளுவது சுலபம்.
போன காற்று திரும்புவதில்தான் வழக்கு.
திரையில் அவருடைய வெளிமூச்சு
தொய்ந்து தொய்ந்து மேலேறி
அடிக்கோட்டைத் தொடுமுன்
அடுத்த மூச்சிடம் மாட்டிக்கொள்கிறது.
முதல் விருந்தாளி செருப்பு மாட்டுவதற்குள்
இரண்டாமவர் வாசலில்.
மூச்சு விடுகிறார் என்று சும்மா சொல்வதில்லை;
விட முடிந்தால்தான் மூச்சு.

ஈரம் காக்கும் வடிகட்டியை முதலில் கழற்றுகிறேன்.
நவம்பரில் ஒருமுறை மறந்துபோனேன்.
மருந்தையெல்லாம் அந்தக் காகித மடிப்பு குடித்தது,
நோயாளி குடிக்கவில்லை.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டப்பாவைக் குலுக்கி
உள்மூச்சுக் குழாயின் கூண்டில் சொருகி
காத்திருக்கிறேன்.
இயந்திரம் மூச்செடுக்கத் தொடங்கும் அந்த நொடி,
முந்தாமல், பிந்தாமல்
ஒரு அழுத்து.
கூண்டுக்குள் ஒரு சிட்டிகை வெள்ளை
சுழன்று, காணாமல் போகிறது.
ஒரு நிமிடம். மறுபடி குலுக்கல்.
இரண்டு.

மூன்றுக்குக் காத்திருக்கையில்
மாலையில் அவர் மனைவி செர்மா தந்த பை நினைவுக்கு வருகிறது:
ஒட்டக ரோமக் காலுறை, பல்செட்,
அவருடைய நீல இன்ஹேலர்.
"இதைப் போடுங்கள், இதற்குத்தான் அவருக்குக் கேட்கும்."
காதருகே ஆட்டிப் பார்த்தேன்.
அழுத்தினால் புஸ்ஸென்று சத்தம் வரும்,
நாக்கில் குளிர் வரும்,
மருந்து வராது.
எத்தனை நாள்
லாரியை ஓரங்கட்டி, கண்ணை மூடி
அந்தச் சத்தத்தை உள்ளே இழுத்தாரோ.
"சரி, வைத்திருக்கிறேன்" என்றேன் செர்மாவிடம்.

மூன்று.
நான்கு.

இருபது நிமிடம் கழித்து
உச்ச அழுத்தம் நாற்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டு.
கோடு இன்னும் தொய்வுதான்.
ஆனால் மூன்று மூச்சுக்கு ஒன்று
அடிக்கோட்டைத் தொட்டுவிடுகிறது,
தொட்டு, கண்ணிமைக்கும் நேரம் சும்மா இருக்கிறது.
அந்தச் சும்மாவுக்குத்தான் இத்தனையும்.
எண்ணைக் குறித்து, வடிகட்டியை மாட்டினேன்.

பையில் கைபேசி அதிர்கிறது. மகன் தெமூலன்:
'அடுப்பு அணைந்துவிட்டது அம்மா. கரி எங்கே?'

கதவுக்குப் பின்னால், பச்சை மூட்டையில் என்று தட்டினேன்.
விரல் கொஞ்சம் நின்றது.
பற்றவைத்ததும்
ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வை.
குளிரட்டும்.