எண்பதுக்கு மேல் வேண்டாம்

சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.
ரொம்பின் சாலை வளைவில்
செம்பனை லோரி உதிர்த்துவிட்டுப் போன
ஏதோ ஒரு கம்பித்துண்டின் மேல் ஏறினேன்.
முன்பக்க இடது டயர்
சத்தம்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டது.

பின்பெட்டியில் இருந்ததை எல்லாம் இறக்கினேன்:
மாவு வாளி, எண்ணெய் டின்,
பாசார் மாலாமுக்கு விரிக்கும் நீலக் குடை.
அடியில், பாய்க்குக் கீழே,
வாங்கிய நாள் முதல் வெயில் பார்க்காத சக்கரம்.
மெலிசாக, கறுப்பாக,
யாரோ ஒரு பையனின் சைக்கிளில் இருந்து
தவறி வந்ததுபோல.
மஞ்சள் ஸ்டிக்கரில் எண்பது என்று ஒரு எண்.
அதன் கீழ் ஒரே சொல்:
செமெந்தாரா.

ஜேக்கி செம்மண்ணுக்குள் இறங்கியது,
காடி ஏறவில்லை.
குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளப் பையன்
மட்டை ஒன்றைத் தூக்கி வந்து அடியில் வைத்தான்.
ஷோஹாக் என்று பெயர் சொன்னான்.
அவனிடம் இருந்த தமிழ் ஒரே சொல், அக்கா.
அதை வைத்தே நான்கு நட்டையும் கழற்றினோம்.
காசு வேண்டாம் என்றான்,
பகாவ் வரை விட்டால் போதுமாம், வீட்டுக்குப் பணம் அனுப்ப.
முன்னால் உட்காராதே, சின்னக் கால் அந்தப் பக்கம் என்றேன்.
புரிந்ததோ என்னவோ,
பின்னால் வலது ஓரமாக ஒடுங்கிக்கொண்டான்,
மடியில் எண்ணெய் டின்.

தௌகே கடையில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.
அடுத்த கடையிலும்.
அதற்கடுத்ததில் பூட்டு மட்டும்.
செர்த்திங்கில் மலாய்க்காரர் திறந்திருந்தார்,
அந்தச் சைசு இல்லை, அக்கா,
பெருநாள் முடியட்டும்.
அவரும் அக்கா என்றுதான் சொன்னார்.

அப்புறம் ஒன்பது நாள்.

எண்பது எங்கே, ஐம்பதைத் தாண்டவில்லை நான்.
தண்டல் முருகையாவின் பழைய ஹோண்டா கப்
என்னைக் கடந்து போனது,
போகிற போக்கில் திரும்பிப் பார்த்து
காடி நொண்டுதே பவளம் என்றது.
ஸ்டேரிங் இடப்பக்கமே இழுக்கும்,
வடிகால் பக்கம், பனை வரிசைப் பக்கம்.
வலது கையை ஒரு பிடி அதிகமாகவே வைத்திருந்தேன்.
டின்னை வலப்பக்கம் வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது
என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

இரவில் அவர் அழைப்பார், துவாஸிலிருந்து.
டயர் மாத்திட்டியா?
கடை திறக்கலே.
எண்பதுக்கு மேல போகாதே.
சரி.
பெருநாள் வேலைக்கு இரட்டைச் சம்பளமாம்,
இந்த முறையும் வர முடியாதாம்.
மூன்று மாதம்தான் என்று போனவர்,
இது நான்காவது சீனப் பெருநாள்.
உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.
அவர் பேசி முடித்த பிறகும்
காதிலேயே வைத்திருந்தேன் போனை,
கிரேன் திரும்பும் சத்தம் கேட்கிறதா என்று.

பத்தாம் நாள் தௌகே கதவைத் தூக்கினார்.
வாசலெல்லாம் வெடித்தாள் சிவப்பு,
ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.
சின்னச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்,
கட்டை விரலால் தடவினார், கோடே இல்லை.
ஒன்பது நாளா இதுல ஓடினே?
சிரித்துவிட்டு நூற்றெழுபது வெள்ளி வாங்கினார்,
இரண்டு ஆரஞ்சு கொடுத்தார்.

ரொம்பின் சாலையில் திரும்பினேன்.
காடி நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது.
கைதான் போகவில்லை.
வலப்பக்கம் இழுத்தபடியே இருந்தது,
வெள்ளைக் கோட்டைத் தாண்டி,
எதிரே வந்த லோரிக்காரன் ஹார்னை அழுத்தி
என் அம்மாவைச் சேர்த்து ஏதோ சொன்னான்.

ஓரமாக நிறுத்தினேன்.
ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றேன்.
போன் அடித்தது.
மாத்தியாச்சு என்றேன்.
அப்பாடா என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாம் இறக்கி
மறுநாள் மறுபடி ஏற்றும்போது
எண்ணெய் டின்னை
வலப்பக்கமே வைத்தேன்.