காதில் போட்டுக்கொள்வது

புன்தா அரேனாசில் எங்கள் கடைக்கதவு
உள்பக்கம் தள்ளினால்தான் திறக்கும்.
வெளிப்பக்கம் திறந்ததைக்
காற்று இரண்டு முறை கொண்டுபோயிற்று.

தள்ளிக்கொண்டு வந்தான் இரெனேயோ பர்ரியா,
வீடுவீடாக எரிவாயு உருளை போடுகிறவன்.
புருவம்வரை கம்பளித் தொப்பி, தடித்த கையுறை,
ஓரம் விரிசல் விட்ட கைப்பேசி.
"ஒயர் இல்லாமல் ஒன்று வேண்டும்.
இதோடு ஒத்துப்போக வேண்டும்."

எல்லோரையும் போல முதலில்
பாட்டுப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.
பதினோரு வருஷமாக விற்கிறேன்;
யார் சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள்தான்
காதில் போட்டுக்கொள்ள ஏதாவது கேட்டு
அதிகம் வருகிறார்கள்.
"உங்களுக்குக் கேட்கிறதா என்று
நீங்களே பார்த்துவிடலாம்.
நீங்கள் பேசுவது கேட்கிறதா என்று
அந்தப் பக்கத்து ஆள்தான் சொல்ல வேண்டும்.
யாரையாவது கூப்பிடுங்கள்."

யாரை, என்றான்.
விலையைக் கேட்டபோதுகூட
அவ்வளவு நேரம் யோசிக்கவில்லை.

பெயர்ப்பட்டியலைத் திறக்காமல்
எண்களை ஒவ்வொன்றாக அடித்தான்.
நீரிணைக்கு அந்தப் பக்கம், போர்வெனிரில்,
ஓரியானா எடுத்தாள்.
"பிரிந்து ஆறு வருஷம்,"
மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான்,
"ஆனால் பொய் சொல்ல மாட்டாள்."

முதலாவது:
கிணற்றுக்குள் விழுந்துவிட்டாயா, என்றாளாம்.
இரண்டாவது இணைந்தது, பாட்டுக்கு மட்டும்.
பேச்சு கைப்பேசியை விட்டு நகரவில்லை.
சில பழைய மாடல்கள் அப்படி,
நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிட்டுக்
கல்யாணத்துக்கு வராது.
மூன்றாவது, தொட்டால் போதும் என்கிற ரகம்.
கையுறையோடு தொட்டால் போதவில்லை.
பல்லால் கடித்துக் கையுறையை உருவுவதற்குள்
அழைப்பு அறுந்தது.
மறுபடி அடித்தான். மறுபடி எடுத்தாள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருப்பதில் விலை கூடியதைக் கொடுத்து
தெருவுக்குக் கூட்டிப்போனேன்.
பெருங்காற்று நாட்களுக்கென்று கட்டிய கயிற்றை
ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.
என் தலைமயிர் முழுவதும் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது.
அந்த ஹெட்செட்டோ
காற்றை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிடும்.
பெட்டியிலேயே அப்படிப் போட்டிருக்கிறது, பொய்யில்லை.
"எந்த ஊரில் இருக்கிறாய்?" என்று கேட்டாளாம்.
"ஊரை விட்டே போய்விட்டாயா?"
இங்கேதான், இங்கேதான் என்று
அந்த அமைதிக்குள் கத்தினான்.

பிறகு, நான் கடைசியில் காட்டலாமென்று வைத்திருந்த
ஒற்றைக் காது ஹெட்செட்.
வாய்ப்பக்கம் நீளும் தண்டு,
அதன் நுனியில் பஞ்சுக் குல்லா,
கையுறை விரலுக்கும் அகப்படும் பொத்தான்.
தொப்பிக்குள் அடங்கியது.
மற்றக் காது லாரிகளுக்கு மிச்சம்.

"காற்றும் கேட்கிறது, நீயும் கேட்கிறாய்.
இதுவே இருக்கட்டும்" என்றாளாம்.
அதன் பிறகு: "சரி, சொல்."

சொல்ல எதுவும் அவன் கொண்டுவந்திருக்கவில்லை.
பஞ்சில் மூச்சு மோதுவது
அங்கே கேட்டிருக்கும், நல்ல மைக் அது.
"உருளை தீர்ந்துவிட்டதா?" என்றான்.
அவன் வண்டி நீரிணை தாண்டிப் போவதில்லை.
அது அவளுக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் கழித்து, "பாதியா," என்றான்,
"பாதி என்றால் பத்து நாள் வரும்."

ரசீது எழுதினேன்.
ஓராண்டு உத்தரவாதம்,
பஞ்சுக் குல்லாவுக்குக் கிடையாது.

அடுத்த மாதம் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான்.
திருப்பித்தர வந்திருக்கிறான் என்று நினைத்து
ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன்.
குல்லா பறந்துபோயிற்றாம்,
பேசிக்கொண்டிருக்கும்போதே.
மூன்று கொடுங்கள் என்றான்.

அக்டோபர் வருகிறது, காற்று இன்னும் ஏறும்,
ஐந்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.